திருப்பிப் போட்டால் சத்தம் வெடிக்கிறது: வழு (மென்பொருள் பிழை) அறிக்கையை யாருக்கு, எப்படி எழுதுவது?

தம்புரா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வாய்ப்பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் வீட்டில் சாதகம் செய்ய வசதியாகப் பாடங்களைப் பதிவு செய்து கொடுப்பது வழக்கம். லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டூடியோ 24.04, ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒன்று. இவ்வளவுதான் என் ஏற்பாடு. கட்டற்ற மென்பொருளாக இருந்தால் மாணவர்களும் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் பக்கம் வந்தேன்.

இப்போது பதிவைத் திருப்பிப் போட்டால் நடுநடுவே சத்தம் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் வெடிக்கிறது. சில நொடி வெடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். ஆங்கில மன்றம் ஒன்றில் கேட்டேன். ஒருவர் "கணினி பழையது, பஃபரைக் கூட்டுங்கள்" என்றார் (பஃபர் என்பது கணினி ஒரு சுற்றில் கையாளும் ஒலியின் அளவு). இன்னொருவர் "ஒலி சர்வரில் கோளாறு இருக்கும்" என்றார். அதோடு இழையை மூடிவிட்டார்கள். பஃபரைக் கூட்டியும் வெடிப்பு போகவில்லை.

இதை யாரிடம் சொல்வது? ஆர்டோர்காரர்களிடமா, உபுண்டுகாரர்களிடமா, பைப்வயர் என்ற ஒலி சர்வரை எழுதுகிறவர்களிடமா? என்ன எழுதினால் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார்?

*

பனைநிழல் எழுதியது:

ரியல்டைம் கர்னல் (நேரம் தவறாமல் வேலை செய்யும் லினக்ஸ் மையநிரல்) போடுங்கள், சரியாகிவிடும். முன்பெல்லாம் அந்த ஒட்டு நிரலை (பேட்ச்) தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். 2024இல் லினக்ஸ் 6.12 வந்ததிலிருந்து அது கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கூடவே சிபியூவை பர்ஃபாமன்ஸ் நிலையில் வையுங்கள், வைஃபையை அணையுங்கள், பயனரை ஆடியோ குழுவில் சேருங்கள்.

*

ஒலிப்பொறி எழுதியது:

பனைநிழல், நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் வேறொருவருக்கு உதவியிருக்கும். ஆனால் நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். வெடிப்பு நின்றாலும் எழுத ஒன்றும் இருக்காது, நிற்காவிட்டாலும் இருக்காது. தம்புரா, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். இன்று வெடிக்கிற அதே நிலைதான் நம்மிடம் உள்ள ஒரே தடயம்.

யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். லினக்ஸில் ஒரு சத்தம் மைக்கிலிருந்து ஹெட்போனுக்கு வருவதற்குள் பல கைகள் மாறுகிறது. இன்டர்பேஸ், யூஎஸ்பி, கர்னலுக்குள் இருக்கும் அல்சா என்ற ஒலி டிரைவர், அதற்கு மேல் பைப்வயர் அல்லது ஜாக் என்ற ஒலி சர்வர், அதற்கு மேல் ஆர்டோர், அதற்குள் ப்ளகின்கள் என்ற துணை நிரல்கள். ஒவ்வொன்றையும் எழுதுகிறவர்கள் வேறு வேறு. ஆர்டோரையும் ஜாக்கையும் தொடங்கியவர் பால் டேவிஸ், பைப்வயரை ரெட் ஹாட் நிறுவனத்தில் தொடங்கியவர் விம் டெய்மன்ஸ். ப்ளகின் எழுதுகிறவர் பெரும்பாலும் வேலை முடிந்து இரவில் உட்காருகிற தனி ஆள். விண்டோஸிலும் மேக்கிலும் இதே அடுக்குகள் உண்டு, ஆனால் புகாரை ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இங்கே எந்த அடுக்கு என்று ஓரளவு பிரித்துக் காட்டாதவரை ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் கணினியில் அது வெடிக்கவில்லை, அதுதான் காரணம்.

அதனால் முதலில் ஒரே ஒரு கேள்வி. எப்போது வெடிக்கிறது, எப்போது வெடிக்கவில்லை? இரண்டாவதுதான் முக்கியம். நீங்கள் காதை வைத்துத் தொழில் செய்கிறவர், இதை எந்த லாக் கோப்பையும்விடத் துல்லியமாகச் சொல்ல உங்களால் முடியும்.

*

வடமராட்சிக்காரர் எழுதியது:

ஒரு சின்ன விசயம், முதலே பார்த்துவிட்டால் நல்லம். மடிக்கணினியின் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் வருகிற சத்தமா? எங்கள் பக்கமும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீடுகளில் அதுவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் பதிவுக்குள் வந்துவிடும். ஒரே சுருதியில் நிற்கிற ஊம் என்ற இரைச்சல் அது. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் போய்விடும். கனடாவில் இருக்கும் என் மருமகனுக்கு இதே சத்தம் 60 ஹெர்ட்ஸில் வந்தது. இதை மென்பொருள் வழு என்று எழுதிப் போடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், டெவலப்பர்கள் என்ன செய்வார்கள்.

*

தம்புரா எழுதியது:

வடமராட்சிக்காரர் ஐயா, சார்ஜரைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. இது ஊம் சத்தமும் இல்லை, விட்டுவிட்டு வெடிப்பது.

ஒலிப்பொறி அண்ணா, நீங்கள் கேட்டபடி உட்கார்ந்து கேட்டேன். பதிவு செய்யும்போது வெடிப்பதே இல்லை. திருப்பிப் போடும்போதுதான் வருகிறது. அதிலும் நான் பாடும் இடத்தில் வராது, வீணை ஒலிக்கும் இடத்திலும் வராது. ஒரு சங்கதியைப் பாடிவிட்டு, மாணவர் திருப்பிப் பாட அரை நிமிடத்துக்கு மேல் இடம் விட்டு அடுத்த துண்டை வைத்திருப்பேன். அந்த வெறும் இடத்தில்தான் வெடிக்கிறது. அதுவும் துண்டு முடிந்தவுடன் இல்லை, கொஞ்ச நேரம் கழித்து. ஒன்றுமே இல்லாத இடத்தில் எப்படிச் சத்தம் வரும்?

*

ஒலிப்பொறி எழுதியது:

நீங்கள் இப்போது எழுதிய பத்தி அருமையான வழு அறிக்கை. ஆங்கில மன்றத்தில் முதலிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அங்கேயே பாதி முடிந்திருக்கும்.

அந்த டிராக்கில் ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் ப்ளகின்) இருக்கிறதா? இருந்தால் அதன் நேரம் எவ்வளவு? பைப்வயரோடு வரும் பிடபிள்யூ-டாப் கட்டளையை டெர்மினலில் ஓட விட்டு, வெடிக்கும் நேரத்தில் ஆர்டோரின் வரியைப் பாருங்கள். 'பிஸி' நேரத்தை 'குவான்டம்' நேரத்தால் வகுத்துக் காட்டும் ஒரு நெடுவரிசை இருக்கும், கடைசிப் பக்கம் 'எரர்' நெடுவரிசை இருக்கும். இரண்டும் எப்படி மாறுகின்றன என்று சொல்லுங்கள்.

அந்த எண்களின் பொருள் இதுதான். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் 5.3 மில்லிநொடி கிடைக்கும். 1024 வைத்தால் 21.3. அந்த நேரத்துக்குள் எல்லாக் கணக்கையும் முடித்து ஒலியை இன்டர்பேஸுக்குக் கொடுத்துவிட வேண்டும். முடியாமல் போனால் அதுதான் எக்ஸ்ரன், காதில் வெடிப்பாக விழும். எப்போதாவது ஒரு தாமதம் வந்தால் பஃபரைக் கூட்டுவது உதவும். கணக்கே கனமாகிவிட்டால் உதவாது, ஏனென்றால் கிடைக்கும் நேரம் கூடும்போது செய்ய வேண்டிய வேலையும் அதே அளவு கூடுகிறது. உங்களுக்கு பஃபர் உதவவில்லை என்பதே ஒரு தகவல்.

*

தம்புரா எழுதியது:

ரிவெர்ப் இருக்கிறது, நேரம் 2 நொடி. பாடும்போது அந்த 'பிஸி' விகிதம் 0.2 பக்கம் நிற்கிறது. துண்டு முடிந்து சுமார் 24 நொடி கழித்து திடீரென்று 0.9 தாண்டி ஏறுகிறது, எரர் எண்ணும் ஏறத் தொடங்குகிறது. நாலைந்து நொடியில் இறங்கிவிடுகிறது. ரிவெர்பை அணைத்தால் எதுவும் நடப்பதில்லை. ப்ளகினின் பெயரை இங்கே போடட்டுமா?

*

ஒலிப்பொறி எழுதியது:

பெயர் இப்போது வேண்டாம். உறுதியாவதற்கு முன்னால் போட்டால் "அந்த ப்ளகின் மோசம்" என்று தேடுபொறியில் காலத்துக்கும் நிற்கும். எழுதியவருக்கு அது நியாயம் இல்லை.

24 நொடி என்றதும் எனக்கு ஏறக்குறைய தெளிவாகிவிட்டது. கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் முறையில், 32 பிட் எண் என்றால், பத்தின் கழித்தல் 38ஆம் அடுக்கு வரைதான் வழக்கமான வடிவில் எழுத முடியும். அதற்கும் கீழே போனால் டினார்மல் என்ற சிறப்பு வடிவத்துக்குப் போகும். பல சிபியூக்களில் அந்த வடிவத்தில் பெருக்குவதும் கூட்டுவதும் மிக மெதுவாக நடக்கும். ரிவெர்ப் தன் வெளியீட்டையே திரும்பத் திரும்ப உள்ளே விட்டுச் சுழற்றுகிறது. ஒலி அடங்க அடங்க அந்த எண்கள் சிறுத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் டினார்மலுக்குள் விழும். நாம் கேட்க ஒன்றும் இருக்காது, சிபியூ மட்டும் மூச்சு வாங்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த எல்லை முழு ஒலிக்கு சுமார் 759 டெசிபல் கீழே. ரிவெர்ப் நேரம் 2 நொடி என்றால் 2 நொடியில் 60 டெசிபல் அடங்கும் என்று பொருள். முழு ஒலியிலிருந்து தொடங்கினால் எல்லைக்குப் போக 25 நொடி. உங்கள் ரிவெர்பின் ஒலி அதைவிடக் குறைவாகத் தொடங்கியிருக்கும், அதனால் 24. எல்லைக்குக் கீழே இன்னும் சுமார் 138 டெசிபல் போனால் எண் முழுப் பூஜ்யமாகிவிடும். அதற்கு நாலரை நொடி. வெடிப்பு நாலைந்து நொடியில் தானாக நிற்பதும் பொருந்துகிறது.

பதிவின்போது ஏன் வரவில்லை? மைக்கில் எப்போதும் மின்விசிறி, தெரு, இன்டர்பேஸின் சொந்த இரைச்சல் என்று ஏதாவது உள்ளே வந்துகொண்டே இருக்கும், எண் அவ்வளவு கீழே போகாது. துண்டுகளுக்கு நடுவே நீங்கள் விட்ட இடம் சுத்தமான பூஜ்யம்.

இது இன்னும் ஊகம்தான். உறுதி செய்ய இரண்டு சோதனை. ரிவெர்ப் நேரத்தை 4 நொடியாக்குங்கள். என் ஊகம் சரி என்றால் வெடிப்பு 48 நொடிக்குத் தள்ளிப்போகும், அதனால் இடைவெளியை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, நேரத்தை 2க்கே கொண்டுவந்து, ஆர்டோரின் விருப்பத்தேர்வுகளில் டினார்மலைத் தடுக்க நுண்ணிய டிசி பயாஸ் (காதில் விழாத, மாறாத சிறு எண்) சேர்க்கும் தேர்வை இயக்குங்கள். வெடிப்பு வரக்கூடாது.

*

நொய்யல் எழுதியது:

கற்றுக்கொள்ள நல்ல இழை. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பாட்டு சொல்லிக்கொடுக்கிற ஒருவர் ஏன் டெசிபலும் டினார்மலும் பார்க்க வேண்டும்? விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் நின்றுபோனால் 'அறிக்கை அனுப்பு' என்று ஒரு பொத்தான் வரும், அழுத்தினால் முடிந்தது. இங்கே பயனர் பாதிப் பொறியாளர் ஆக வேண்டியிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் இசைக் கலைஞர்களிடம் போய்ச் சேராததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

*

ஒலிப்பொறி எழுதியது:

நொய்யல், உங்கள் ஆதங்கம் நியாயமானது. பொத்தான் வைக்கவும் முயன்றிருக்கிறார்கள். 2021இல் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனதும், மே மாதத்தில் பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கும் நிரல் ஒன்றைச் சேர்க்க முன்மொழிந்தார்கள். கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் வழியாகத் தகவல் போகும் என்றதும் பெரிய எதிர்ப்பு கிளம்பி, அதைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பயனரைக் கேட்டுவிட்டுப் பிழைத் தகவலை அனுப்பும் ஏற்பாடு அப்புறம்தான் வந்தது. நம்பிக்கையும் வசதியும் இழுபறியாக இருக்கிற இடம் அது. அந்த எதிர்ப்பு எழுந்தது நல்லதுக்குத்தான் என்பது என் எண்ணம்.

ஆனால் பொத்தான் தம்புராவுக்கு உதவியிருக்காது. மென்பொருள் செத்து விழுந்தால் அது பொத்தானுக்குத் தெரியும். வெடிப்பு விழுந்தபோது எதுவுமே நின்றுபோகவில்லை. நேரம் தவறியது என்று பைப்வயருக்குத் தெரியும், இசைக்கு நடுவிலா மௌனத்திலா என்று தெரியாது. ஒலி மென்பொருளில் மோசமான வழுக்கள் பல இந்த வகைதான். டெம்போ மெல்ல நழுவுவது, லூப்பின் ஓரத்தில் கிளிக், இரண்டு மைக்குக்கு நடுவே ஒரு சாம்பிள் தள்ளிப்போவது. இவற்றைக் கேட்கிறவர் ஒருவர் சொன்னால்தான் உண்டு. டினார்மல் பற்றி அவர் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. "பாடும்போது இல்லை, மௌனத்தில், கொஞ்ச நேரம் கழித்து" என்பதுதான் அவர் கொடுத்த தகவல், மீதியைக் கண்டுபிடிப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இழையை மூடியதுதான் என்னை வருத்துகிறது.

*

தம்புரா எழுதியது:

இரண்டும் செய்தேன். 4 நொடி வைத்ததும் வெடிப்பு 48 நொடிக்குப் போனது. டிசி பயாஸ் போட்டதும் முற்றிலும் நின்றுவிட்டது. மாணவர்களுக்கு இன்றே சுத்தமான பாடங்களை அனுப்பிவிடுவேன், மிக்க நன்றி. ஆனாலும் இதை முறையாக எழுதிக் கொடுக்க ஆசை. மற்றவர்களுக்கும் வரும் இல்லையா? என் ஆங்கிலம் சுமார்தான்.

*

ஒலிப்பொறி எழுதியது:

கண்டிப்பாக எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை. உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்கள் வெளியான நாளின் பதிப்புகளையே பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். உங்கள் ப்ளகின் பழைய பதிப்பாக இருந்து, புதியதில் இது ஏற்கெனவே சரியாகியிருக்கலாம். திட்டத்தின் பக்கத்தில் புதியதை எடுத்துச் சோதியுங்கள். ஆர்டோர் பற்றி அவர்களுடைய தளத்தில் எழுதும்போதும் இதே கதைதான், அவர்களே கட்டித் தரும் பதிப்பில் நடக்கிறதா என்று கேட்பார்கள். விநியோகங்கள் நூலகங்களை மாற்றிக் கட்டுவதால் ஆர்டோரின் சொந்தப் பதிப்பில் இல்லாத வழுக்கள் நுழைந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. அப்புறம், வழுப்பட்டியலில் டினார்மல், சைலன்ஸ், சிபியூ என்று தேடிப் பாருங்கள். அதே வழு அங்கே இருந்தால் புதியது திறக்காமல் உங்கள் 24, 48 கணக்கை அங்கே சேருங்கள். "எனக்கும்" என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் கையில் புதிதாக ஒன்றும் சேராது.

உங்கள் பாடத்தின் செஷனை (ஆர்டோர் கோப்புத் தொகுப்பை) அனுப்பாதீர்கள். புதிதாக ஒன்று திறந்து, ஒரு டிராக், ஒரு நொடி ஒலி, அந்த ஒரு ப்ளகின் மட்டும் வையுங்கள். அதிலும் வந்தால் வழு அங்கேதான். உங்கள் குரலோ மாணவரின் குரலோ பொதுவெளிக்குப் போகவும் வேண்டாம். லாக் ஒட்டும்போது கோப்புப் பாதைகளில் உங்கள் பெயர் இருக்கும், அதையும் பாருங்கள். அல்சா-இன்ஃபோ என்ற ஸ்கிரிப்ட் இன்டர்பேஸ் வழுக்களுக்கு மிக உதவும். அது தகவலை இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்கும், படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். இந்த வழுவுக்கு அது தேவையில்லை.

ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும். இந்த வரிசையில் எழுதுங்கள், மொழிபெயர்ப்பில் வேண்டுமானால் உதவுகிறேன்:

"தலைப்பு: உள்ளீடு முழு மௌனமானதும் சில நொடி கழித்து சிபியூ சுமை ஏறி எக்ஸ்ரன் வருகிறது.
பதிப்புகள்: ப்ளகின், ஆர்டோர், விநியோகம், கர்னல், சிபியூவின் பெயர், 48,000 ஹெர்ட்ஸ், 256 சாம்பிள்.
செய்வது: ஒரு டிராக்கில் ஒரு நொடி ஒலி, ரிவெர்ப் நேரம் 2 நொடி, பின்னால் வெறும் இடம். பிளே.
எதிர்பார்ப்பது: மௌனம்.
நடப்பது: சுமார் 24 நொடியில் சுமை 0.2இலிருந்து 0.9க்கு மேல், வெடிப்பு, நாலைந்து நொடியில் நிற்கிறது.
கூடுதலாக: ரிவெர்ப் 4 நொடி என்றால் 48 நொடியில். டிசி பயாஸ் போட்டால் வரவில்லை. ரிவெர்பை அணைத்தால் வரவில்லை."

டினார்மல் என்பது நம் ஊகம் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். நடந்தது வேறு, நாம் நினைப்பது வேறு என்று பிரிந்து நின்றால், ஊகம் தவறாக இருந்தாலும் அறிக்கை வீணாகாது.

*

பனைநிழல் எழுதியது:

ஒரு சந்தேகம். ஆர்டோர் டினார்மல்களைப் பூஜ்யமாக்கும்படி சிபியூவிடம் தானே சொல்லிவிடுமே? அப்படியிருக்க இது எப்படி நடக்கும்?

*

ஒலிப்பொறி எழுதியது:

நல்ல கேள்வி, டெவலப்பரும் இதைத்தான் முதலில் கேட்பார். அந்தக் கட்டளை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை வரிசைக்கும்) தனித்தனி. ஆர்டோர் தன் ஒலி த்ரெட்டுகளில் போட்டுவைக்கும். ப்ளகின் தனக்கென்று ஒரு த்ரெட் தொடங்கி அதில் கணக்குப் போட்டால் அதற்கு அது பொருந்தாமல் போகலாம். இதுவும் ஊகம், நிரலைப் பார்த்தால்தான் தெரியும். அறிக்கையில் எழுத வேண்டாம்.

*

தம்புரா எழுதியது:

பதில் வந்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். புதிய பதிப்பிலும் அதே வெடிப்பு இருந்தது. தேடியதில் பழைய அறிக்கை எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். ப்ளகினை எழுதியவர் நன்றி சொல்லி, ரிவெர்பின் வால்பகுதி தனி த்ரெட்டில் ஓடுகிறது, அங்கே அந்தத் தடுப்பு இல்லை என்றார். பனைநிழல் கேட்டது சரியாக அந்த இடம்தான். சோதனைப் பதிப்பு ஒன்று கொடுத்தார். அதில் டிசி பயாஸை அணைத்துவிட்டு 2 நொடி, 4 நொடி இரண்டும் ஓட்டினேன், விகிதம் 0.2ஐத் தாண்டவில்லை. அந்த முடிவையும் அங்கே எழுதிவிட்டேன், அறிக்கையை மூடினார்கள்.

அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது உபுண்டுவுக்கு வரும்வரை இதே தொல்லை இருப்பவர்கள் டிசி பயாஸ் வழியைப் பயன்படுத்துங்கள்.

*

நொய்யல் எழுதியது:

தம்புரா, வாழ்த்துகள். எனக்கு ஹைட்ரஜன் என்ற தாள மென்பொருளில் தாளம் ஓட்டும்போது நீண்ட பாட்டில் கடைசிப் பக்கம் குரல் முந்திப்போகிறது. இங்கேயே கேட்கட்டுமா?

*

ஒலிப்பொறி எழுதியது:

புது இழை தொடங்குங்கள், இரண்டும் கலக்க வேண்டாம். பாட்டு எவ்வளவு நீளம், கடைசியில் எத்தனை மில்லிநொடி முந்துகிறது, நடுவில் அதில் பாதி முந்துகிறதா, செஷனும் இன்டர்பேஸும் 44,100இலா 48,000இலா, குரலும் தாளமும் ஒரே இன்டர்பேஸ் வழியாக வந்தவையா என்று மட்டும் எழுதிவையுங்கள். இரவு பார்க்கிறேன்.